சந்தேகத்தின் பேரில்

ராஜபாளையத்து நூற்பாலைகளிலும், ஸ்ரீவில்லிபுத்தூரின் ஓட்டல்களிலும், கட்டட வேலைகளிலும் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பகுதிகளின் பிள்ளைகள் உழைக்கிறார்கள். குளிர்காலம் வந்தால் கம்பளி சுமந்து வருவோர் வேறு. தமிழ் தெரியாது, தெருவின் பெயர் தெரியாது. வேலை முடிந்த நேரத்தில் ஏதேனும் ஒரு திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து ஊரிலுள்ள தாயோடு செல்போனில் பேசுவார்கள். அப்படி உட்கார்ந்த ஒருவரைப் பார்த்து, "ஆள் ஒரு மாதிரியா இருக்கான்" என்று யாராவது 100-க்கோ 112-க்கோ போன் செய்துவிடுகிறார். போலீஸ் வருகிறது. "சந்தேகக் கேஸ்" என்ற பட்டம் அந்தப் பிள்ளைமேல் விழுந்துவிடுகிறது.

போன் செய்தவரைக் கேட்டால், "நான் தகவல்தானே சொன்னேன்? மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பார். இந்தப் பதில் ஷரீஅத்தின் தராசில் நிற்குமா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட மஸ்அலா.

சூரத்துல் ஹுஜுராத்தின் 12-வது ஆயத்தை நம்மில் கேட்டிராதவர் குறைவு. அதன் நுணுக்கத்தைக் கவனித்தவரும் குறைவே. சந்தேகங்கள் அனைத்தையும் விட்டொழிக்கும்படி அல்லாஹு தஆலா அங்கே கட்டளையிடவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை விலக்கச் சொல்கிறான்; அவற்றுள் சில பாவமாகிவிடும் என்று காரணமும் காட்டுகிறான். ஆக, பாவமாகாத சந்தேகமும் உண்டு. நடுநிசியில் பூட்டிய வீட்டின் பூட்டை ஒருவன் நெம்பிக்கொண்டிருக்கிறான். அதைக் கண்டும் காணாமல் போவது பேணுதலாகாது. அண்டை வீட்டார்க்குச் செய்யும் துரோகமாகும். அவனுடைய செயலே அங்கு சாட்சி சொல்கிறது. மரத்தடியில் இருப்பவரோ எதையும் செய்யவில்லை. இருக்க மட்டுமே இருக்கிறார். அவருடைய நிறமும் பேச்சும் நமக்குப் பழக்கமில்லை என்பது நம்முடைய நிலையைக் காட்டுமேயன்றி, அவருடைய நிலையைக் காட்டாது.

இது நம் சமுதாயத்துக்குப் புரியாத விஷயமல்ல. 2006 நவம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் விமான நிலையத்தில் ஆறு இமாம்கள் விமானம் ஏறினார்கள். ஏறுமுன் அவர்களில் சிலர் தொழுதிருந்தார்கள். ஒரு பயணி சீட்டு எழுதி ஊழியரிடம் கொடுத்தார். இமாம்கள் இறக்கப்பட்டார்கள், கைவிலங்கிடப்பட்டு, மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டு, பின் விடப்பட்டார்கள். அவர்கள் தனித்தனி இடங்களில் உட்கார்ந்ததும், இடுப்புப் பட்டைக்கு நீட்டிப்புக் கேட்டதும்கூடக் காரணங்களாகச் சொல்லப்பட்டன! சந்தேகம் ஒருமுறை குடிபுகுந்துவிட்டால் உட்காருவதும் எழுவதும் ஆதாரமாகிவிடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வழக்கு 2009-ல் சமரசத்தில் முடிந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 1998 கோவைக் குண்டுவெடிப்புக்குப் பின் தாடியும் தொப்பியும் பட்ட பாட்டை நம் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று நமக்குக் கசந்த மருந்தை இன்று கம்பளிக்காரருக்கு ஊட்டலாமா?

நிற்க. போன் செய்வதே கூடாது என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணிவிடவேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி உலவிய நாட்கள் அவை. சென்னையிலிருந்து உறவினரோடு கோவிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் கூடிவிட்டது. அடித்தே கொன்றார்கள். வடக்கத்திக்காரரைக் குறித்துக் கிளம்பிய வதந்தி ஒரு தமிழ்ப் பாட்டியின் உயிரைக் குடித்தது. அங்கே எவரேனும் தக்க நேரத்தில் போலீஸுக்குச் சொல்லி, அவர்களும் விரைந்து வந்திருந்தால் அந்த அம்மையார் பிழைத்திருக்கக்கூடும். ஆகவே போன் ஓர் அமானிதம். அது உயிரைக் காக்கவும் உதவும். மானத்தைப் பறிக்கவும் உதவும்.

தனிமனிதனின் சந்தேகம் அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டைச் சீமையே சாட்சி. 1871-ல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டபின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததே போதும்; கைரேகை பதிய வேண்டும், இரவில் போலீஸ் கண்காணிப்பில் கிடக்க வேண்டும். திருடினானா என்ற கேள்வியே எழவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே பேரையூர் வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை கொடுக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ல் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952-ல் ஒழிந்தது. ஆனால் "அந்த ஊர்க்காரனா? அப்படித்தான் இருப்பான்" என்ற பேச்சு ஒழிந்துவிட்டதா?

இனி அபூதாவூத் ஷரீஃபில் வரும் ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். ஒரு கூட்டத்தாரின் பொருள் களவுபோயிற்று. அவர்கள் நெசவாளர்கள் சிலர்மீது சந்தேகப்பட்டு, அவர்களை ஸஹாபி நுஃமானிப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். (நெசவுக்குப் பெயர்போன நம் பகுதியினர் இதைச் சற்று ஊன்றிப் படிக்கவேண்டும்.) நுஃமான் (ரலி) அவர்கள் சில நாட்கள் வைத்திருந்துவிட்டு விடுதலை செய்துவிட்டார்கள். பொருளை இழந்தவர்களுக்குக் கோபம். அடிக்காமலும் சோதிக்காமலும் விட்டுவிட்டீர்களே என்றார்கள். அதற்கு அவர்கள் தந்த பதில் இதுதான்: வேண்டுமானால் அடிக்கிறேன், பொருள் வெளிவந்தால் சரி, வராவிட்டால், அவர்கள் முதுகில் விழுந்த அத்தனை அடியும் உங்கள் முதுகில் விழும். இது உங்கள் தீர்ப்பா என்று கேட்டபோது, அல்லாஹ்வின் தீர்ப்பும் அவன் தூதர் (ஸல்) அவர்களின் தீர்ப்பும் இதுவே என்றார்கள்.

இன்றைய நடைமுறையில் தகவல் சொன்னவர் முதுகுக்கு ஒன்றுமில்லை. வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தால் தண்டனை உண்டு; வெறும் சந்தேகத்துக்கு இல்லை. அதுவும் ஒருவகையில் நியாயம்தான். இல்லாவிட்டால் உண்மையான களவைக்கூட எவரும் சொல்ல அஞ்சுவார்கள். ஆனால் இழப்பு முழுவதும் ஒருவர் தலையிலேயே விழுகிறதே! ஒருநாள் கூலி, சில நேரம் அடி, தெருவே வேடிக்கை பார்க்க ஜீப்பில் ஏறும் அவமானம்.

போலீஸார் தரப்பிலும் ஒன்று சொல்லவேண்டும். நம் ஃபுகஹாக்கள் குற்றம் சாட்டப்பட்டவரை மூவகையாகப் பிரித்தார்கள்: நல்லவரென அறியப்பட்டவர், கெட்டவரென அறியப்பட்டவர், நிலை தெரியாதவர். நிலை தெரியாதவரை, தெரியும்வரை நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். இதை எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா, மார்க்கமே அனுமதிக்கிறது" என்று சிலர் வாதாடலாம். அங்கே பேசப்படுவது வழக்கு ஒன்று எழுந்தபிறகுள்ள நிலை. களவு ஒன்று முதலில் நடந்திருக்க வேண்டும். அன்றியும், வெளியூர்க்காரர் எந்த ஊருக்குப் போனாலும் நிலை தெரியாதவர்தான். "உள்ளூரில் யாரைத் தெரியும்?" என்று கேட்டால் அவர் யாரைக் காட்டுவார்? ஆலையின் மேற்பார்வையாளருக்கு ஒரு போன் போட்டால் ஐந்து நிமிடத்தில் நிலை தெரிந்துவிடும். அதை நின்ற இடத்திலேயே செய்யலாம். "சும்மா விசாரணைக்கு, ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ" என்று அழைத்துப்போய், கைதென்று எழுதாமலே பொழுதுபோகும்வரை உட்காரவைப்பதில்தான் அநியாயம் நுழைகிறது. எழுதினாலாவது 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டிய கடமை அரசியல் சாசனப்படி வரும். எழுதாத கைதுக்குக் கணக்கு ஏது?

தகவல் சொன்னவரிடமே திரும்புவோம். காரணமின்றி ஒருவரை இந்த நிலைக்கு ஆளாக்கியவர் அல்லாஹ்விடம் தவ்பாச் செய்தால் மட்டும் போதுமா? போதாது. இது ஹக்குல் இபாத்; உரியவரிடம் மன்னிப்புப் பெறவேண்டும். அவரோ அவமானம் தாங்காமல் மறுநாளே ரயிலேறி ஊர்போய்ச் சேர்ந்திருப்பார். ஸ்டேஷனில் பெயர் பதியாததால் விலாசம் அங்கே கிடைக்காது. வேலை பார்த்த ஆலையில் கிடைக்கும். அவரோடு அறையில் தங்கியிருந்தவர்களிடம் போன் நம்பரும் கிடைக்கும். மொழி தெரியாவிட்டால் உருது அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம். போன கூலியையும் ரயில் செலவையும் அனுப்பிவைப்பது அந்தப் பேச்சுக்குப் பின் வரவேண்டியது.