விசாரணைக்கு முன்பே ஒரு பூட்டு

1964 ஜூன் 8. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவனைக் காவலர்கள் பிடித்துப் போனார்கள். அக்கம்பக்கத்துப் பெண் ஒருவரிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று புகார். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சில நாள் சிறார் காவல் இல்லத்தில் வைத்திருந்துவிட்டு அவனை விடுவித்தார்கள். ஏன் அடைத்தார்கள், ஏன் விட்டார்கள் என்பதற்கு ஆவணங்களில் விளக்கமே இல்லை. பிறகு நடந்த விசாரணையில், அதிகபட்சம் 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளி என்று தீர்ப்பானது. வயது வந்தவர் இதையே செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது இரண்டு மாதத்துக்கு மிகாத சிறை.

கால்ட் வழக்கு என்று பெயர்பெற்ற இதில், சிறார்களுக்கும் வழக்கறிஞர் உண்டு, குற்றச்சாட்டை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் குற்றம் உண்டா இல்லையா என்று முடிவாவதற்கு முந்தைய அந்த நாட்களைப் பற்றி அது எதையும் தீர்மானிக்கவில்லை.

அந்தக் கேள்வி நியூயார்க்கிலிருந்து வந்தது. அடுத்த விசாரணைக்குள் இந்தச் சிறுவன் ஒரு குற்றம் செய்யக்கூடும் என்ற பெரிய அபாயம் தெரிந்தால், குடும்ப நீதிமன்ற நீதிபதி அவனைக் காவலில் வைக்கலாம் என்கிறது அம்மாநிலச் சட்டம். 1977 டிசம்பரில் வழிப்பறி வழக்கில் பிடிபட்ட 14 வயதுச் சிறுவன் அப்படி 15 நாள் அடைபட்டிருந்தான். 1984-ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் சரியென்றது. பிள்ளைகள் எப்போதும் யாரோ ஒருவரின் பொறுப்பில் இருப்பவர்கள். பெற்றோரால் கட்டுப்படுத்த முடியாதபோது அரசு அந்த இடத்தில் நிற்கிறது என்பது பெரும்பான்மையின் வாதம்.

இந்த வாதத்தை அதன் சொந்த அளவுகோலாலேயே அளந்து பார்க்கலாம். மகன் தவறு செய்வானோ என்று அஞ்சும் தாய் அவனை வெளியே விடாமல் வைத்திருப்பாள். ஆனால் அவன் படுப்பது தன் பாயில், சாப்பிடுவது தன் வீட்டுச் சோறு. குடும்ப நீதிமன்றம் அனுப்பிய இடமோ பிராங்க்ஸில் இருந்த ஸ்போஃபர்டு காவல் மையம். அங்கே தவறு செய்தால் அறைக்குள் அடைப்பார்கள். அது சிறையை ஒத்தது என்றார் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல். அந்தச் சட்டப்படி அடைபட்டவர்களில் பெரும்பாலோர் வழக்குத் தள்ளுபடியாகியோ, விசாரணை முடிந்தோ வீட்டுக்குத்தான் போனார்கள் என்பதைக் கீழ் நீதிமன்றமே பதிவு செய்திருந்தது. வீட்டுக்கு அனுப்பத் தகுந்த பிள்ளையை நடுவில் எதற்காகப் பூட்டி வைத்தார்கள்?

எல்லாப் பிள்ளையையும் வீட்டுக்கே அனுப்பிவிடவும் முடியாது. அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணை அன்றிரவே அதே வீட்டில் கொண்டுபோய் விடுவது கொடுமை. அவளுக்குத் தேவை ஒரு காப்பகம்: பூட்டோ கம்பியோ இல்லாமல், பள்ளிக்குப் போகவும் ஆற்றுப்படுத்துநரிடம் பேசவும் வழியுள்ள இடம். ஓடிப்போதல், பள்ளிக்கு மட்டம் போடுதல் போல, பெரியவர் செய்தால் குற்றமே ஆகாத செயல்களுக்காகச் சிறாரைப் பூட்டிய இடங்களில் அடைக்கக் கூடாது என்று, நிதியுதவி பெறும் மாநிலங்களுக்கு 1974-லேயே மத்திய சட்டம் நிபந்தனை விதித்தது. 1980-ல் அதில் ஒரு விலக்கு நுழைந்தது. ‘பள்ளிக்குப் போ’ என்று நீதிபதி உத்தரவிட்டு, பிள்ளை போகாவிட்டால், உத்தரவை மீறியதாகச் சொல்லி அடைக்கலாம். தடுத்த சட்டமே வழியும் காட்டிக் கொடுத்தது.

பூட்டில்லாத காப்பகத்திலிருந்து பிள்ளை வெளியேறி, ஆள் பிடிப்பவர் கையில் சிக்கினால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் அதைப் போக்க வேண்டியது இரவும் பகலும் கூடவே இருக்கும் பணியாளர், அதற்குச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்கப் பிள்ளையின் சுதந்திரத்தை எடுத்துக்கொள்வதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட முடியாது. இன்னொருவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்பதற்குச் சான்று இருந்தால் மட்டுமே பூட்டு நியாயமாகும். அப்போதும் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், சில நாட்களுக்குள் மறுபடி பரிசீலிக்க வேண்டும்.

அந்த மத்திய சட்டத்தில் 2018-ல் செய்த திருத்தம் இந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்தது. உத்தரவை மீறியதற்காக அடைப்பதானால் காரணத்தை எழுத வேண்டும், ஏழு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்றது. ஆனால் அது ஓடிப்போன பிள்ளைகளுக்கும் மட்டம் போட்ட பிள்ளைகளுக்கும் மட்டும்தான். குற்றம் சாட்டப்பட்டு, விசாரணைக்குக் காத்திருக்கும் 14 வயதுச் சிறுவனின் விஷயத்தில் 1984-ன் தீர்ப்பே இன்னும் நிற்கிறது.