மறைப்பதும் அறமாகும் வேளை

கணவனுக்கும் மனைவிக்கும் இடையே இரகசியம் இருக்கலாகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருமண வாழ்த்துரைகளில் தவறாது இடம்பெறும் அறிவுரை அது. இருவர் ஒருவராய் இணையும் உறவில் ஒளிவுமறைவு வேண்டாம் என்பது உயர்ந்த எண்ணமே. ஆனால் அந்த உறவுக்குள் அடியும் அச்சுறுத்தலும் புகுந்துவிட்டால் என்ன செய்வது? தன்னை வதைப்பவருக்குத் தெரியாமல் ஒரு பெண் உதவி கேட்டு ஒருவரிடம் பேசினால், அது துரோகமா? அவள் அப்படிப் பேச வழிசெய்து கொடுப்போர் குடும்பத்தைக் கலைப்பவர்களா?

இக்கேள்வியை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க, அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் நமக்கு உதவுகிறது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட அச்சட்டத்தின் பெயர் 'பாதுகாப்பான இணைப்புகள் சட்டம்'. அது எதற்காகத் தேவைப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

அந்நாட்டில் ஒரு குடும்பத்தின் கைப்பேசிகள் அனைத்தையும் ஒரே கணக்கில் சேர்த்து, ஒரே கட்டணச் சீட்டாகப் பெறுவது பரவலான வழக்கம். தனித்தனியே இணைப்பு வாங்குவதைவிட அது மலிவு. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அதிகாரமும் அவர் கையில்தான். எந்த எண்ணுக்கு அழைப்புப் போயிற்று, எவ்வளவு நேரம் பேச்சு நீடித்தது என்பதை அவர் பார்க்க முடியும். சில சேவைகளின் வழியே கைப்பேசி எங்கே இருக்கிறது என்றும் அறிய முடியும். விரும்பினால் இணைப்பையே துண்டிக்கவும் முடியும். அன்பு நிலவும் இல்லத்தில் இது வெறும் கணக்கு ஏற்பாடு. வன்முறை நிலவும் இல்லத்திலோ இதுவே ஒரு சங்கிலி. அவள் வீட்டைவிட்டு வெளியேறினாலும் அச்சங்கிலி அவளது கைப்பையிலேயே உடன் செல்கிறது.

அதைத் தூக்கி எறிந்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். எறிந்தால், வேலை தரும் இடமும், பிள்ளையின் பள்ளியும், மருத்துவரும், வழக்கறிஞரும் அவளை எவ்வாறு தொடர்புகொள்வர்? வங்கி அனுப்பும் இரகசியக் குறியீடும் அந்த எண்ணுக்கே வருகிறது. புதிய இணைப்பு வாங்கப் பணம் வேண்டும். பணமோ பெரும்பாலும் அவளைத் துன்புறுத்துபவரின் பிடியில் இருக்கிறது.

இந்த முடிச்சைத்தான் அச்சட்டம் அவிழ்க்க முயல்கிறது. பாதிக்கப்பட்டவர், ஆணாயினும் பெண்ணாயினும், உரிய சான்றோடு வேண்டினால், அவரது இணைப்பையும் அவரது பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் இணைப்புகளையும் தொலைபேசி நிறுவனம் இரண்டு வேலை நாள்களுக்குள் பொதுக் கணக்கிலிருந்து பிரித்துத் தர வேண்டும். அதற்காகக் கட்டணமோ அபராதமோ கேட்கலாகாது. கணக்கு உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்டு நிற்கவும் கூடாது. மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 2023 நவம்பரில் இதற்கான விரிவான விதிகளை வகுத்தது. இச்சட்டத்தின்கீழ் வரையறுக்கப்பட்ட உதவி மையங்களுக்குச் செய்த அழைப்புகள், வாடிக்கையாளர் பார்வைக்கு வரும் அழைப்புப் பட்டியலில் தோன்றாதிருக்கவும் அவ்விதிகள் வழிசெய்கின்றன. 1985 முதல் ஏழைகளின் தொலைபேசிச் செலவில் ஒரு பகுதியை ஏற்றுவரும் 'லைஃப்லைன்' திட்டம், பணநெருக்கடியில் உள்ள இவர்களுக்கும் ஆறு மாதம்வரை உதவுகிறது. வழக்கமான உதவித்தொகை மாதத்திற்கு அதிக அளவாக 9.25 டாலர்.

இனி நம் கேள்விக்குத் திரும்புவோம். மணவாழ்வில் ஒளிவுமறைவின்மை என்பது ஒருவர் மற்றவருக்கு மனமுவந்து வழங்கும் கொடை. கொடுப்பதற்கும் கொடாதிருப்பதற்கும் உரிமை உள்ளவரே கொடை வழங்க முடியும். அச்சத்தால் பறித்தெடுக்கப்படும் வெளிப்படைத்தன்மைக்குக் கண்காணிப்பு என்பதே பொருத்தமான பெயர். பிறர்க்குத் தீமை பயக்காத சொல்லையே வள்ளுவர் வாய்மை என்றார். கொடியவனிடம் ஒருத்தியின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் கட்டணச் சீட்டு எத்துணைத் துல்லியமாக இருந்தாலும், அவ்வாய்மைக்கு அது பணிபுரியவில்லை. ஆகவே, உயிர்காக்கும் பொருட்டு மறைப்பது வஞ்சனையன்று. நம்பிக்கையை முதலில் உடைத்தது ஓங்கிய கைதான். உதவி தேடி எண்களை அழுத்திய விரல் அதற்குப் பின்னரே வந்தது.

பொய்ப்புகார்கள் பெருகாவா என்பது அடுத்த ஐயம். சான்று கேட்கும் இச்சட்டம், நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை. காவல்துறை அறிக்கையோ, மருத்துவர், சமூகப் பணியாளர் போன்றோர் அளிக்கும் உறுதிமொழிச் சான்றோ போதும். இதில் தவறு நேரலாம். ஆனால் இருபக்கத் தவறுகளையும் தராசில் வைத்துப் பார்ப்போம். தகுதியற்ற ஒருவருக்கு வழங்கிவிட்டால், மற்றவர் தம் கணக்கிலிருந்து ஓர் இணைப்பை இழக்கிறார். தகுதியுள்ளவருக்கு மறுத்துவிட்டால், ஓர் உயிரே போகலாம். இவ்விரண்டும் ஒரே எடை உடையனவா?

குடும்பம் பிரிந்துவிடுமே என்ற அச்சத்தைக் கிறிஸ்தவர்களாகிய நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திருமணம் ஓர் அருளடையாளம் என்று நம்புகிறவர்கள் நாம். எனினும், துணைவரின் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து விளைவிப்பவர், மற்றவர் விலகி வாழ்வதற்கு நியாயமான காரணம் தருகிறார் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் விதி கூறுகிறது. தாமதத்தில் ஆபத்து இருக்குமானால், அவர் தாமாகவே விலகவும் அது இடமளிக்கிறது. அமெரிக்க ஆயர்கள் இல்ல வன்முறை குறித்து 1992-இல் வெளியிட்ட மடல், வதைக்கும் மணவாழ்வில் எவரும் தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. அம்மடலின் தலைப்பே உதவி கேட்டு அழைப்பதைப் பற்றியது. அழைப்பதற்கு ஒரு வழி இருந்தாலன்றோ அக்குரல் நம்மை எட்டும்?

இங்கே பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். வாங்க இயலாத பாதுகாப்பு ஏழைக்குப் பாதுகாப்பாகாது. நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சாவடிக்காரரிடம் இரு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். லைஃப்லைன் திட்டத்திற்கான நிதி தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து திரட்டப்படுகிறது. அந்நிறுவனங்கள் அதைப் பெரும்பாலும் வாடிக்கையாளர் அனைவரிடமும் சிறு தொகையாகப் பெற்றுக்கொள்கின்றன. முகம் அறியாத ஒருத்தியின் இரவுநேர அழைப்புக்கு முகம் அறியாத பலர் கொடுக்கும் காசு அது.

சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடாது. கணக்கைப் பிரித்தாலும், கைப்பேசிக்குள் ஒளித்துவைத்த உளவுச் செயலி அப்படியே இருக்கக்கூடும். பிரியும் வேளையே மிகுந்த ஆபத்துள்ள வேளை என்பதை இத்துறையில் உழைப்போர் அறிவர். ஆறு மாத உதவியும் ஒருநாள் முடிந்துபோகும். எனவே அவள் அருகில் மனிதர்கள் வேண்டும்.

நம் நாட்டிலும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பணவழி ஒடுக்குமுறையையும் வன்முறையாகக் கருதுகிறது. பாதிக்கப்பட்டவரைத் தொலைபேசி வழியாகவும் தொடர்புகொள்ளலாகாது என்று எதிர்த்தரப்பினருக்கு நடுவர் ஆணையிடவும் அது வகைசெய்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணும் உண்டு. ஆயினும் கணவன் பெயரில் வாங்கிய சிம் அட்டையும், மாமியார் எடுத்துப் பார்க்கும் கைப்பேசியும் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல.

பங்கிலோ அன்பியத்திலோ ஒரு சகோதரி தன் துயரைச் சொல்ல வரும்போது, சமாதானம் செய்துவைக்கும் ஆவலில் அவள் கணவனை உடனே அழைத்துவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். அதைக் கைவிடுவோம். எந்த எண்ணில், எந்த நேரத்தில் பேசினால் உனக்கு ஆபத்தில்லை என்று அவளிடமே முதலில் கேட்போம். அவளுக்கென்று ஓர் எண் இல்லையெனில், அவள் பெயரில் ஒன்று பெற்றுக்கொள்ள உடன் செல்வோம். சில மாதக் கட்டணத்தையும் ஏற்போம். அவள் சொன்னதை நம்மோடு வைத்துக்கொள்வோம்.