கழுவாயும் கடனும்

காற்றுமண்டலத்தில் ஏற்கெனவே கலந்துவிட்ட கரியமில வாயுவைத் திரும்ப எடுத்து, பாறையிலோ மண்ணிலோ கடலிலோ நெடுங்காலம் வெளிவராதபடி சேர்த்துவைக்கும் முறைகளுக்குக் கரிம நீக்கம் என்று பெயர். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்களில் பொறியியல் கல்லூரிகள் நெருங்கி அமைந்திருப்பதால், வேதிப்பொறியியலோ இயந்திரப் பொறியியலோ பயிலும் மாணவர் ஒருவர் இத்துறையைத் தம் ஆய்வுத் திட்டமாகத் தேர்ந்தெடுப்பது இயல்பே. ஆனால் அத்தேர்வு தொழில்நுட்பக் கேள்விகளோடு ஓர் அறக்கேள்வியையும் கொண்டுவருகிறது. தாம் பிறப்பதற்கு முன்னரே பிறர் எரித்த நிலக்கரியின் புகையைத் திரும்ப எடுக்க ஒருவர் கடமைப்பட்டவரா? கடமைப்பட்டவர் என்றால், அது எவ்வகைக் கடமை?

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கிறது. முன்பே ஈட்டிக் குவிந்திருப்பது முதலாவது, அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது இரண்டாவது, நுகரும்போதே புதிதாகச் சேர்வது மூன்றாவது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் ஏறத்தாழ 280 ஆக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐக் கடந்து நிற்பதையும், அதன் விளைவான வெப்பத்தை இத்தலைமுறை நுகர்வதையும், நுகர்ந்துகொண்டே மேலும் எரிப்பதையும் இப்பகுப்பில் பொருத்திப் பார்க்கத் தோன்றும். பொருத்தம் முதற்பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. ஆயினும் அடிப்படையான ஓரிடத்தில் அது முறிகிறது. செய்தவரையே அவர் செய்த வினையின் பயன் சென்றடையும் என்பதும், அப்படிச் சேர்ப்பிக்க இறைவன் ஒருவன் உண்டு என்பதும் சித்தாந்தத்தின் உறுதி. காற்றுமண்டலத்துக்கு அத்தகைய நியாயம் தெரியாது. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் காற்று சுமார் ஏழு விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெருமழை மேலும் பெரிதாகும். ஆனால் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர்ப் பகுதியில் முழங்கால் வெள்ளத்தில் நடந்த தொழிலாளி, அதற்குக் காரணமான புகையில் தம் பங்காக விட்டது மிகமிகச் சிறிது. இந்தியரின் தனிநபர் உமிழ்வு இன்றும் உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு; இதுவரை சேர்ந்துள்ள புதைபடிவ எரிபொருள் உமிழ்விலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. செய்தவர் வேறு, நுகர்பவர் வேறு என்றாகிவிட்ட பின், மாணவரின் பணியைப் பிராயச்சித்தம் என்று அழைப்பது பொருந்தாது. கழுவாய் தேட வேண்டியவர் குற்றம் செய்தவரே.

வினையைப் பிறர் ஏற்க முடியாது; கடனை ஏற்க முடியும். தந்தை பட்ட கடனை மகன் தீர்ப்பது அறக்கடமை என்பது தர்மசாத்திரங்களின் நிலைப்பாடு. அதிலிருந்து கிளைத்த விதியை இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலம் பின்பற்றின, 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டமே அதற்குப் பிற்பட்ட கடன்களைப் பொறுத்தவரை அவ்விதியை நீக்கியது. இங்குக் கவனிக்கத்தக்கது விதியைவிட அதன் விலக்கு. சூதாடியும் குடித்தும் தந்தை பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டியதில்லை என்று மனுவும் யாக்ஞவல்கியரும் ஒருங்கே கூறினர். முறையற்ற அத்தகைய கடன் அவ்யவஹாரிகம் எனப்பட்டது. குடும்பம் பிழைப்பதற்காகப் பட்ட கடன் மகனைத் தொடரும். விளைவு தெரிந்தும் பொறுப்பின்றிப் பட்ட கடன் தொடராது என்பதே இப்பகுப்பின் சாரம்.

காலநிலைக்கு இப்பகுப்பைக் கொண்டுவந்தால், எது அறியாமல் பட்ட கடன், எது அறிந்து பட்டது என்ற கேள்வி எழுகிறது. கரியமில வாயு பெருகினால் புவி சூடாகும் என்று ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் ஸ்வான்டே அரீனியஸ் 1896-லேயே கணக்கிட்டுக் காட்டினார் என்றாலும், அது அறிஞர் சிலரின் அறிவாகவே இருந்தது. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் அரசுகள் காலநிலை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகு அறியாமை என்ற சாக்குக்கு இடமில்லை. இதுவரை எரிக்கப்பட்ட புதைபடிவ எரிபொருளில் ஏறத்தாழப் பாதி 1990-க்குப் பின் எரிக்கப்பட்டது என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அறிந்து செய்த பிழைக்கும் அறியாது செய்ததற்கும் உள்ள இவ்வேறுபாட்டை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள வடதிருமுல்லைவாயில் தலத்தின் மரபு நுட்பமாகப் பேணி வந்துள்ளது. தொண்டைமான் என்னும் மன்னன் போர்க்களம் நோக்கிச் செல்கையில் அவன் யானையின் கால்கள் முல்லைக்கொடியில் சிக்கின. கொடியை அவன் வாளால் வெட்ட, அதனுள் மறைந்திருந்த இலிங்கத்தின் மேல் வெட்டு விழுந்தது. செய்வதறியாமல் தன் உயிரையே மாய்க்கத் துணிந்த அவனுக்கு இறைவன் காட்சி தந்து, போரில் துணையாக நந்தியையும் அனுப்பினார் என்பது தலவரலாறு. அறியாமல் செய்தவனுக்கு அருள் உடனே கிடைத்தது. ஆனால் வெட்டுப்பட்ட இலிங்கத்தை அகற்றி வேறொன்றை நிறுவும் எண்ணம் மரபுக்கு எழவில்லை. மாசிலாமணீசுவரர் எனப்படும் அம்மூர்த்திக்குச் சந்தனக் காப்பு சாத்தி வழிபடுவதே வழக்கமாயிற்று. மன்னிப்பு கிடைத்த பின்னும் காயம் இருக்கிறது, அதைப் பேணும் பணியோ காயத்தை உண்டாக்காத கைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்கிறது.

அதே சந்நிதியில் சுந்தரரும் வந்து நின்று பதிகம் பாடினார். திருவொற்றியூரைவிட்டுப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் செய்த சபதத்தை அறிந்தே மீறி, ஊரெல்லையைக் கடந்ததும் இரு கண்ணும் இழந்து வந்தவர் அவர். தொண்டைமானுக்கு உடனே இரங்கிய இறைவன் சுந்தரருக்கு அங்குப் பார்வை தரவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று இழந்தது தவணை முறையில்தான் திரும்பியது. தோழமை கொண்ட அடியவருக்கே இந்தத் தாமதம் என்றால், 1992-க்குப் பிந்தைய புகைக்கு எளிய கழுவாய் உண்டு என்று யார் துணிந்து சொல்லக்கூடும்?

இனி மாணவர்கள் இத்துறையில் செய்தவற்றைப் பார்க்கலாம். காரக்பூர் ஐஐடி மாணவர் இருவர் 2009-இல் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் தொழில்நுட்பம், 2016-இல் தூத்துக்குடி ஆல்கலி ரசாயனத் தொழிற்சாலையில் நடைமுறைக்கு வந்தது. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைக் கரைப்பான் ஒன்றால் உறிஞ்சிச் சோடா சாம்பல் தயாரிப்பதே அதன் நோக்கம். போற்றத்தக்க சாதனைதான். ஆயினும் அதைக் கரிம நீக்கம் என்று எழுதுவது பிழையாகும். கொதிகலனிலிருந்து வெளியேற இருந்ததைத் தடுத்தது அது. வெளியே ஏற்கெனவே இருப்பதை எடுக்கவில்லை. மேலும், சோடா சாம்பலைக் கண்ணாடி உருக்கப் பயன்படுத்தினால் பிடித்த வாயு மீண்டும் காற்றிலேயே கலக்கும். புதுக்கடன் படாதிருத்தல், பட்ட கடனைத் தீர்த்தல், தீர்ப்பதைச் சிறிது காலம் ஒத்திவைத்தல் என மூன்றும் வெவ்வேறு செயல்கள். விளம்பரங்களில் இவை ஒன்றாகவே தோன்றும். 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின்போது எக்ஸ்பிரைஸ் அமைப்பு உலகெங்கும் 23 மாணவர் குழுக்களுக்கு 50 லட்சம் டாலரைப் பகிர்ந்தளித்தபோது, கரியமில வாயுவை உப்புகளாக மாற்றும் திட்டத்துக்காக மும்பை ஐஐடி குழு இரண்டரை லட்சம் டாலர் பெற்றது. அதே மாநாட்டில் பேசிய திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் வடிவமைத்ததோ சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டி. அது காற்றிலிருந்து எதையும் எடுப்பதன்று. தெருவோர இஸ்திரிப் பெட்டியில் எரியும் கரியைத் தவிர்ப்பது. பெரிய சொற்கள் சூழ்ந்த இத்துறையில், தன் செயல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் குழப்பமே இல்லாத அந்த வண்டிக்குத் தனி மதிப்பு உண்டு.

எக்ஸ்பிரைஸ் நடத்திய அந்தப் பரிசுப் போட்டிக்குப் பணம் கொடுத்தது எலான் மஸ்க்கின் அறக்கட்டளை. காற்றிலிருந்து நேரடியாக வாயுவைப் பிரிக்கும் கார்பன் எஞ்சினியரிங் நிறுவனத்தை 2023-இல் 110 கோடி டாலருக்கு வாங்கியதோ ஆக்சிடென்டல் என்னும் எண்ணெய் நிறுவனம். இப்பணத்தை நல்ல பணிக்குப் பெறுவது தகுமா என்று தயங்கும் மாணவருக்குப் பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள திருவேற்காடு ஒரு சங்கடமான முன்னுதாரணத்தைத் தருகிறது. அவ்வூரில் தோன்றிய மூர்க்க நாயனார், அடியார்க்கு அமுதளித்தே செல்வமெல்லாம் தீர்ந்த பின், சூதாடிப் பொருள் ஈட்டினார். தோற்றவர் கொடுக்க மறுத்தால் சுரிகையை உருவினார். வென்ற பொருளைத் தம் கையால் தீண்டாது சமைப்பவரிடமே சேர்ப்பித்து, அடியார் உண்டபின் கடைப்பந்தியில் தாம் உண்டார். பெரியபுராணம் அவரை அறுபத்துமூவருள் வைத்தே போற்றுகிறது. பணத்தின் பிறப்பைவிட அது செல்லும் இடமே முக்கியம் என்று இதிலிருந்து வாதிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. அடியார் உண்ட அமுது அங்கேயே முடிந்தது, அதைக் காட்டி வேறெவரும் சூதாட உரிமை கோரவில்லை. காற்றிலிருந்து நீக்கிய ஒரு டன்னோ சான்றிதழாக மாறி, அதை வாங்குபவர் இன்னொரு டன்னை விட அனுமதிச்சீட்டாகவும் ஆகக்கூடும். அப்படி ஆகுமானால் மாணவரின் உழைப்பு பழைய கடனை அடைக்கவில்லை. பிறர் புதிதாகப் படும் கடனுக்குப் பிணை நிற்கிறது. தந்தையின் கடனைக் குறித்துப் பேசிய சாத்திரக்காரர்கள் இத்தகைய பிணையைக் கற்பனையும் செய்திருக்க மாட்டார்கள்.

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் பூசலார் மனத்தினுள் எழுப்பிய கோயிலை இறைவன் ஏற்று, அன்று காஞ்சியில் நிகழவிருந்த பல்லவ மன்னனின் குடமுழுக்கை வேறு நாளுக்கு மாற்றச் சொன்னார் என்பர். எண்ணத்தைச் செயலாகவே ஏற்கும் அந்தக் கருணையைக் காற்றுமண்டலத்திடம் எதிர்பார்க்க முடியாது. உலகம் ஆண்டுக்கு விடும் கரியமில வாயு சுமார் 4,000 கோடி டன். 2024-இல் வெளியான கரிம நீக்க மதிப்பீட்டின்படி, காடு வளர்ப்பு போன்ற வழக்கமான முறைகள் நீங்கலாகப் புதிய தொழில்நுட்பங்கள் ஆண்டு முழுதும் நீக்குவது ஏறத்தாழ 13 லட்சம் டன், அதாவது உலகம் இருபது நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் விடும் அளவு. இந்த விகிதத்தில் பார்த்தால், பழைய கடனைத் தீர்க்க முன்வரும் மாணவருக்கு அதை அவர்மேல் சுமத்தியவர்களிடம் முதலில் கேட்கும் உரிமை உண்டு: புதுக்கடன் எந்த ஆண்டில் நிற்கும், அந்த உறுதியில் கையெழுத்திடுபவர் யார் என்று.