ஃபிரேமைத் திறக்காமல் பெல்ட் ஏறாது



இன்றைய நற்செய்தியில் (மாற்கு 2:18-22) சிலர் இயேசுவிடம் வந்து நோன்பைப் பற்றிக் கேட்கிறார்கள். யோவானின் சீடர்கள் நோன்பு இருக்கிறார்கள், பரிசேயரின் சீடர்களும் இருக்கிறார்கள், உம்முடையவர்கள் ஏன் இருப்பதில்லை? இருப்பார்கள், இருக்கமாட்டார்கள் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அவரோ மணமகனைப் பற்றிப் பேசுகிறார், அங்கிருந்து பழைய துணியில் போடும் ஒட்டுக்குப் போகிறார், பிறகு திராட்சை மதுவுக்கும் தோற்பைக்கும் போகிறார். கேட்டவர்களுக்கு நோன்பு ஒரு கூடுதல் சாமான். உம் ஆட்களிடம் இது ஒன்றுதான் குறைகிறது, சேர்த்துக்கொள்ளக்கூடாதா என்கிறார்கள். நான் கொண்டுவந்திருப்பது எதனோடும் சேர்த்துக்கொள்ளும் சாமான் இல்லை என்று அவர் பதில் சொல்கிறார்.

தோற்பையை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. ஆட்டுத்தோலைத் தைத்து, அதில் மதுவை ஊற்றிக் கட்டுவார்கள். புது மது உள்ளே நொதித்துப் பொங்கும். புதுத்தோல் அதற்கு விரிந்து கொடுக்கும். பழைய தோல் ஏற்கெனவே விரிந்து, காய்ந்து, விறைத்துப்போனது, அதனால் வெடித்துவிடும். கலிலேயாவில் யாருக்கும் இதை விளக்கவேண்டியிருந்திருக்காது. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது சைக்கிள். அதையே எடுத்துக்கொள்கிறேன்.

1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் உருளை செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஐந்து ஆண்டு கழித்து, 1885இல், கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய உயரமான சைக்கிளில் பெடல் முன்சக்கரத்திலேயே இருக்கும். ரோவரில் பெடல் நடுவுக்கு வந்தது. காலின் உழைப்பைச் செயின் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனது. உங்கள் தாத்தா மிதித்ததும் நீங்கள் மிதிப்பதும் அடிப்படையில் அந்த வண்டிதான். ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் அரை அங்குலம். ஒழுங்காக எண்ணெய் போட்டால், மிதிக்கும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் சக்கரத்துக்குச் சேரும். ஒழுங்காக எண்ணெய் போட்டால்! மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும். எண்ணெயில் ஒட்டும் புழுதி, கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தேய்க்கும். நூற்றுச் சொச்சம் ஊசிகளின் தேய்மானம் சேர்ந்து செயின் தொங்கும், பிறகு கழலும். சீருடை கறையான பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

இன்று ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள்கள் சிலவற்றில் செயின் இருக்காது. அதன் இடத்தில் பல் வைத்த பெல்ட் ஓடும். அமெரிக்காவில் டென்வர் நகரத்து கேட்ஸ் நிறுவனம் செய்வதுதான் இதில் பேர்பெற்றது. வெளியே பாலியூரித்தேன், உள்ளே நெடுக கார்பன் இழைகள். எண்ணெய் வேண்டாம், துரு இல்லை, சத்தம் இல்லை. சேறு பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். நல்லபடி மாட்டினால் செயினைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும்.

கேட்டதும் ஆசை வருகிறது. சரி, ஒரு பெல்ட் வாங்கி நம் சைக்கிளில் மாட்டிவிடலாமா? முடியாது. செயினில் ஒரு ஊசியைத் தட்டினால் அது திறந்துகொள்ளும். பின்சக்கரத்தைச் சுற்றியுள்ள குழாய்களுக்குள் நுழைத்து மறுபடி பூட்டிவிடலாம். பெல்ட்டுக்கு முனை கிடையாது, அது முழு வளையம். அந்தக் குழாய்களோ சேர்ந்து ஒரு மூடிய முக்கோணம். மூடிய முக்கோணத்துக்குள் மூடிய வளையம் எப்படிப் போகும்? வளையம் திறக்காது என்றால் முக்கோணம் திறக்க வேண்டும். அதனால் பெல்ட் சைக்கிளின் ஃபிரேமில், பெரும்பாலும் சீட்டுக்குக் கீழிருந்து பின் அச்சுக்கு இறங்கும் குழாயில், ஓர் இடைவெளி விட்டு, பெல்ட்டை உள்ளே விட்டபின் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். பின்சக்கரத்தைச் சுற்றி முக்கோணமே இல்லாத ஃபிரேமும் உண்டு: 1987இல் வந்த ‘ஸ்ட்ரைடா’ மடக்கு சைக்கிளில், மார்க் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் சக்கரங்களை ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கும்படி வடிவமைத்தார், பெல்ட் பக்கவாட்டில் ஏறிவிடும். ஆனால் அதற்கு சைக்கிளையே முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருந்தது.

திறக்கும் இடத்தைப் பாருங்கள். மணியோ மட்கார்டோ கேரியரோ இல்லை, ஓட்டுகிறவரின் பாரம் இறங்கும் குழாய். அருள் நம்மிடம் கேட்கும் இடமும் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. அசையும் உறுப்புகளை நாம் தாராளமாகத் தருவோம்: வெள்ளிக்கிழமை அசைவம் வேண்டாம், தவக்காலத்தில் டீ வேண்டாம், பாதயாத்திரை போகலாம், தியானத்துக்கு மூன்று நாள் விடுப்பு எடுக்கலாம். நம் வாழ்க்கையின் பாரம் எதில் நிற்கிறதோ அதை மட்டும் தொடக்கூடாது. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முறிந்த நிலத்தகராறு, கணக்கில் வராத வருமானம், வீட்டில் ஒருவர் மட்டுமே முடிவெடுக்கும் வழக்கம் எல்லாம் அப்படியே நிற்க, அதன்மேல் சமாதானம் என்ற பெல்ட் ஓட வேண்டும்.

பழக்கம் வேறு ஒரு விதத்திலும் கெடுக்கிறது. செயின் கழன்றால் நாம் என்ன செய்வோம்? பல்லில் ஒரு ஓரம் மாட்டி, பெடலைக் கையால் சுற்றி ஏற்றிவிடுவோம். பெல்ட்டை அப்படிச் சுற்றி ஏற்றக்கூடாது என்று செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள். கார்பன் இழை இழுப்பை அருமையாகத் தாங்கும், மடிப்பையும் முறுக்கையும் தாங்காது. உள்ளே இழை முறிந்தது கண்ணுக்குத் தெரியாது. வெளியே பார்த்தால் புதுசுதான். பிறகு ஒரு நாள் அறுந்து நிற்கும். புது வாழ்வைப் பழைய கைப்பழக்கத்தோடு, மிரட்டியும் அவசரப்பட்டும் ஏற்றுகிற குடும்பத் தலைவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அடித்து ஜெபமாலை சொல்ல வைத்த பிள்ளை வளர்ந்தபின் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள்.

மெக்கானிக் யாராவது இங்கே இருந்தால் என்னைத் திருத்துவார்: ஃபாதர், இரண்டு முனையையும் சேர்த்துப் பூட்டுகிற பெல்ட்டும் வந்துவிட்டது, ஃபிரேமை வெட்ட வேண்டாம். உண்மை, வந்திருக்கிறது. நமக்கெல்லாம் பிடித்த பெல்ட் அதுதான்! அதை மாட்டினாலும் முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், இழுவிசை சரியாக இருக்க வேண்டும், செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளுகிற கியரைக் கழற்றிவிட்டு சக்கரத்தின் நடுவுக்குள்ளேயே இருக்கும் கியரைப் போட வேண்டும். ஃபிரேம் வளைந்து கொடுத்தால் மிதிக்கும்போது பெல்ட் பல் தாண்டும். தப்பிக்க வழி அவ்வளவாக இல்லை.

செயினை நான் இழிவாகப் பேசவில்லை. அறுந்த செயினைத் தெருமுனைக் கடையில் ஒரு சுத்தியலும் ஆணியும் வைத்துச் சேர்த்துவிடலாம். பெல்ட் அறுந்தால் வேறு வாங்க வேண்டும், அதே எண்ணிக்கைப் பல் உள்ளதாகத் தேட வேண்டும், விலையும் அதிகம். லூக்கா நற்செய்தியில் (5:39) இதே உவமையின் கடைசியில் இயேசு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறார்: பழைய மதுவைக் குடித்துப் பழகியவர் புதியதை விரும்புவதில்லை, பழையதே நல்லது என்பார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்திருப்பார் என்பது என் எண்ணம். பழக்கத்தை விடுவது எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியும்.

மத்தேயுவில் (9:17) இன்னொரு சொல் இருக்கிறது, இன்று எனக்கு அதுதான் முக்கியம். புது மது புதுத்தோலில் இருந்தால் இரண்டும் கெடாமல் இருக்கும் என்கிறார். மதுவைக் காப்பாற்றுவது மட்டும் அவர் எண்ணமில்லை, பையும் பிழைக்க வேண்டும். கடவுள் திறக்கச் சொல்கிறார் என்றால் பயப்படுகிறோம், குடும்பம் கலையும், மரியாதை போகும், நாம் உடைந்துவிடுவோம் என்று. பெல்ட் சைக்கிளைச் செய்கிறவர் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போவதில்லை. போல்ட் போட்டபின் அதே குழாய் அதே பாரத்தைத் தாங்குகிறது.

இதை இன்று ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் ஒரு சாதி. ஒரே தொட்டியில் திருமுழுக்குப் பெற்று, ஒரே அப்பத்தை உண்டு, செத்தபின் பிரிந்துகொள்கிறோம். தமிழகத்தில் இப்படிச் சுவர் நிற்கும் பங்கு இது ஒன்று மட்டுமல்ல. அது நமக்கு ஆறுதலா? அன்பியக் கூட்டங்கள் நடக்கின்றன, திருவிழாத் தேருக்குப் புது விளக்கு வந்திருக்கிறது, இந்தத் தவக்காலத்துக்கு நாற்பது நாள் சங்கிலி ஜெபம் வைக்கலாம் என்று பங்குப் பேரவையில் தீர்மானம் வந்திருக்கிறது. நான் அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஜெபம் வேண்டாம் என்பதற்காக அல்ல. நாம் திறக்க வேண்டிய குழாய் அந்தச் சுவர். அதைத் தொடாமல் எத்தனை நாள் ஜெபத்தைச் சேர்த்தாலும், நோன்பைப் பற்றிக் கேட்கவந்தவர்களின் வரிசையில்தான் நாமும் நிற்போம்.

அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பேரவை கூடுகிறது. முதல் பொருள் சுவர், இரண்டாவது ஜெபம். உறுப்பினர் அல்லாதவர்களும் வரலாம், பேசலாம், என்னைத் திட்டவும் செய்யலாம். பெண்கள் கட்டாயம் வாருங்கள். இப்போது எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வோம்.