நிறுத்திக்கொள்ளும் உரிமை

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மும்பை மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி இரண்டு வகைச் சைக்கிள்கள் போகின்றன. ஒன்று தாராவியிலிருந்து வரும் கருப்புச் சைக்கிள். பின் கேரியரில் அலுமினியப் பாத்திரம் நிறைய இட்லி, மேலே வெள்ளைத் துணி, ஹேண்டில்பாரில் சட்னி வாளியும் சாம்பார் வாளியும், அமுக்கினால் 'பாம் பாம்' என்று ஒலிக்கும் ரப்பர் ஹாரன். மற்றது ஃபைவ் கார்டன்ஸ் பக்கமிருந்தோ செம்பூரிலிருந்தோ வரும் கியர் சைக்கிள். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட், முதுகில் தண்ணீர்ப் பை. அறுபதைத் தாண்டியவர்கள் இரண்டு வகையிலும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது வகை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் மவுண்டன் பைக் வாங்கினேன். செம்பூர் சேடா நகரில் வீடு. எங்கள் பேட்டையில் ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாழ்க்கை தயாராகக் காத்திருக்கும்: காலையில் முருகன் கோயில், மாலையில் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி, நடுவில் டெலிவிஷன். கச்சேரியை நான் விட்டதில்லை. ஆனால் அந்த அட்டவணையில் எல்லாமே உட்கார்ந்து செய்கிற காரியங்கள். நாற்பது வயதில் என் உடம்பை யாரும் கவனித்ததில்லை, அது வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அறுபது ஆனதும் எல்லோருக்கும் அதன்மேல் கரிசனம் வந்துவிட்டது. 'உக்காருங்கோ, நாங்க பாத்துக்கறோம்' என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த அன்பில் இரண்டு வருஷம் முழுக்க உட்கார்ந்தால் மூன்றாம் வருஷம் எழுந்திருக்க ஒரு கை தேவைப்படும்.

இந்த ஊரில் மலைச் சைக்கிளுக்கு இடம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. ஆரே காலனிச் சாலைகள் ஏறி இறங்கி வளைந்து போகின்றன; 1949-ல் பால் பண்ணைக்காக ஒதுக்கிய நிலம் அது. போரிவலி தேசியப் பூங்காவுக்குள் கான்ஹேரி குகைகளுக்குப் போகும் சாலையின் கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். சொந்தச் சைக்கிள் இல்லாதவர்கள் பூங்காவிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தாணேயின் யேவூர் மலை கொஞ்சம் முரடு. தார் ரோட்டை விட்டு இறங்கினால் செம்மண், சரளை, குறுக்கே ஓடும் மரவேர்.

ஏற்றத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது என்று செயினை மாற்றிக்கொண்டால் வண்டி நடை வேகத்தில்தான் நகரும், ஆனால் முழங்காலில் பாரம் விழாது. இறக்கத்துக்கு இன்னொரு முறை. இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் நிற்க, பார்வையைப் பத்தடி முன்னால் வைக்க வேண்டும். கல்லையே பார்த்தால் சக்கரம் கல்லைத் தேடித்தான் போகும். கண், உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, கணுக்கால், விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் போகிறேன். அந்த நேரத்தில் எனக்கு வயது நினைவுக்கு வருவதில்லை.

இந்தச் சைக்கிளின் பூர்வகதையும் எனக்குப் பிடிக்கும். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் முப்பது நாற்பது வருஷம் பழசான தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைப்பாதையில் இறங்கினார்கள். 1976-ல் அவர்கள் தொடங்கிய பந்தயத்தில் ஒரு இறக்கம் முடிந்தாலே பின் பிரேக்குக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து போயிருக்குமாம், மறுபடி அடைத்துக்கொண்டுதான் மேலே ஏறுவார்கள். இருபது வருஷத்தில், 1996 அட்லாண்டாவில், அது ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்த கேரி ஃபிஷரும் ஜோ பிரீஸும் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள்.

டொராண்டோவில் இருக்கும் என் பையன் கேட்பது ஒரே கேள்வி: "விழுந்தா யாரும்மா பாத்துக்கறது?" நியாயமான கேள்வி. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும் என்பதும் தெரியும். தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும் சைக்கிள் எலும்புக்கு அதிகம் உதவுவதில்லை. உடம்பின் எடையைச் சீட்டு தாங்கிவிடுகிறது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், மலைப்பாதையில் போட்டியிடும் ஆண்களின் எலும்பு அடர்த்தி ரோடு சைக்கிள்காரர்களைவிடக் கூடுதலாக இருந்தது. பாதையின் அதிர்ச்சியே எலும்புக்கு உணவு என்று அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பி நான் இல்லை. வாரத்தில் சில நாள் எடை தூக்குகிறேன், மாடிப்படி ஏறுகிறேன். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த வழிகாட்டுதலும் அதுதான்: வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, அதோடு மூன்று நாள் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி.

தொண்ணூறு வயதில் தசை வளருமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்ததைச் சொல்வேன். சராசரி வயது தொண்ணூறு உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இங்கிலாந்தில் 55 முதல் 79 வயது வரையுள்ள 125 சைக்கிள்காரர்களைப் பரிசோதித்து 2018-ல் எழுதினார்கள். நோயெதிர்ப்பு செல்களை உருவாக்கும் தைமஸ் சுரப்பி அவர்களிடம் இளைஞர்களுக்கு நிகராக வேலை செய்துகொண்டிருந்தது. அந்த ஆய்வாளர்களில் ஒருவரான நார்மன் லாசரஸ் தாமே எண்பதைத் தாண்டிய சைக்கிள்காரர். பிரான்ஸின் ராபர்ட் மார்ஷான் அறுபதுகளின் கடைசியில்தான் மறுபடி சைக்கிளுக்குத் திரும்பினார். 2012-ல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். முறையாகப் பயிற்சி செய்து இரண்டு வருஷம் கழித்து 26.927 கிலோமீட்டர். நூறு வயதுக்கு மேல் ஒரு மனிதரின் வேகம் கூடியிருக்கிறது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு.

பையனுக்கு நான் தரும் பதில் இந்தக் கணக்குகள் இல்லை. தனியாகப் போகமாட்டேன், மழை பெய்து பாசி படிந்த பாதையில் இறங்கமாட்டேன், கால் நடுங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவேன் என்று சொல்கிறேன். அவனும் அதில்தான் சமாதானம் ஆகிறான்.

கருப்புச் சைக்கிள்காரர்களில் ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். சயான் சிக்னலைத் தாண்டி எங்கள் பாதைகள் சேரும். "இன்னிக்கு எந்தப் பக்கம்மா?" என்பார். ஒரு ஜூன் மாதத்தில் ஆரே என்றேன். "மழை வந்துட்டா?"

"வந்தா போகமாட்டேன், அண்ணாச்சி."

"எங்களுக்கு மழையிலதாம்மா யாவாரம். ஆளுக சாப்பிட வெளிய போவாதுல்லா."

எங்கள் சைக்கிள் குழுவில் சிலர் அவரைக் காட்டி, 'பாருங்கள், இந்த வயதிலும் என்ன உடம்பு! இவர்களுக்கு ஜிம்மே வேண்டாம்' என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. பிடிக்காததற்கு முதலில் காரணம் சொல்லத் தெரியவில்லை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-ல் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழுவினர் எழுதிய கட்டுரையைப் படித்தபோது தெரிந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அதிகம் அசைப்பவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைகின்றன. வேலையில் உடம்பை அதிகம் வருத்துபவர்களுக்கு அவை கூடுகின்றன. இரண்டும் அசைவுதான், இரண்டிலும் இதயம் துடிக்கிறது, வியர்க்கிறது. ஆனால் நான் ஏற்றம் ஏறி மூச்சு வாங்கினால் ஒரு மரத்தடியில் நிற்கிறேன், மறுநாள் தூங்குகிறேன். அவருக்குப் பாரத்தைத் தாங்கியபடி இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மணிக்கணக்கில் உயர்ந்தே நிற்கின்றன. அவை தணிவதற்குள் அடுத்த நாள் மாவு காத்திருக்கிறது.

இதற்கு எதிரான சாட்சியும் உண்டு, அதை மறைப்பது சரியில்லை. 1953-ல் ஜெர்ரி மோரிஸ் லண்டன் டபுள் டெக்கர் பஸ்களில் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உழைப்பு நல்லது என்ற நம்பிக்கைக்கு அறிவியல் தந்த முதல் பெரிய ஆதாரம் அது. நம் ஊர் பஸ் நிறுவனமான பெஸ்ட்டின் பழைய டபுள் டெக்கர்கள் 2023 செப்டம்பரில் ஓய்வு பெற்றபோது எனக்கு மோரிஸ் ஞாபகம் வந்தது. அந்தக் கண்டக்டர்களுக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம் என்று ஒன்று இருந்தது, சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. படி ஏறியது மட்டும் அவர்களைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கவில்லை.

அப்படியென்றால் பொழுதுபோக்கு நல்லது, வேலை கெட்டது என்று பிரித்துவிடலாமா? முடியாது என்பதற்குப் புதுக்கோட்டையே போதும். 1990-களின் தொடக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதை விரும்பியவர்களும் உண்டு. அவர்கள் சைக்கிளில் போனது மலைக் காட்சி பார்க்க அல்ல. தண்ணீர்க் குடம், காய்கறி மூட்டை, வேலைத்தலம். அதே பாரம்தான், அதே வெயில்தான். ஆனால் பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திராமல், தான் நினைத்த நேரத்துக்குப் புறப்படவும் திரும்பவும் முடிந்தது. அன்று முப்பது வயதில் கற்றவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டியிருக்கும். அவர்களில் எத்தனை பேர் இன்னும் ஓட்டுகிறார்களோ, அவர்களை யாராவது தேடிப்போய்ப் பேச வேண்டும்.

எனவே என் மனதில் பிரிவு வேறு இடத்தில் விழுகிறது. எப்போது கிளம்புவது, எப்போது நிறுத்துவது என்பது யார் கையில் இருக்கிறது? 'உக்காருங்கோ' என்று என் வீட்டில் சொன்னபோது அது என் கையைவிட்டுப் போகப் பார்த்தது, பிடித்து வைத்துக்கொண்டேன். பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு வங்கிப் பென்ஷன் இருந்தது. யேவூர் ஏற்றத்தில் என் பெடலைச் சுற்றுவது என் கால் மட்டும் இல்லை, மாதம் முதல் தேதி கணக்கில் விழும் அந்தப் பணமும்தான். அண்ணாச்சிக்கு மாதக் கடைசியில் எதுவும் விழுவதில்லை. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 80 ஆனால் 500. அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று பட்டியலில் பெயர் இருந்தால். மாநிலம் மேலே கொஞ்சம் சேர்க்கிறது. இதை வைத்துத் தாராவியில் யாரும் ஒரு வாரம்கூடச் சைக்கிளை நிறுத்தி வைக்க முடியாது.

நகரம் எங்கள் இருவரையும் ஒன்றாக நடத்தும் இடம் ஒன்று உண்டு. 2009-ல் திறந்த பாந்த்ரா–வொர்லி கடற்பாலம், 2013-ல் செம்பூர் வரை வந்த ஈஸ்டர்ன் ஃப்ரீவே, 2024-ல் வந்த கோஸ்டல் ரோடு, அடல் சேது: எதிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. முலுண்டிலிருந்து சயான் வரை தான்சா தண்ணீர்க் குழாய்களை ஒட்டி 39 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்று மாநகராட்சி அறிவித்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். அது துண்டு துண்டாகத்தான் வந்தது. முழுதாக வந்திருந்தால் என் உல்லாசத்துக்கும் அவர் பிழைப்புக்கும் ஒரே பாதை உதவியிருக்கும். லாரிகளுக்கு நடுவே சயான் சர்க்கிளைக் கடக்கும்போது இட்லிப் பாத்திரம் ஒரு பக்கம் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 

போன தீபாவளிக்கு முன்னால், எப்போது நிறுத்தப் போகிறீர்கள் என்று அவரிடம் கேட்டுவிட்டேன். கடைசிப் பெண்ணின் கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஊர்தான் என்றார். ஊரில் சும்மா இருப்பீர்களா என்றேன்.

"சும்மா எப்படி இருக்க? சைக்கிள் இருக்குல்லா. கேரியரைக் கழட்டிப் போட்டுட்டு பாபநாசம் வரைக்கும் தெனமும் போயிட்டு வருவேன். வெயில் ஏறிட்டுன்னா பாதியில திரும்பிருவேன். மலைகிட்ட போகப்போக மேடுதான், உங்களுக்குப் பிடிக்கும். நீங்களும் ஒருக்கா வாங்க."