ஊருக்குப் பயந்து பலூன் கட்டாதீர்கள்!

பிள்ளைக்கு ஆறு வயது ஆகப்போகிறது. அதற்கு நீங்கள் ஏன் நடுங்குகிறீர்கள்?

எதிர்வீட்டில் போன மாதம் கட்டிய பலூன் வளைவு இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. இரவெல்லாம் ஹால் வாடகைக் கணக்கு. காலையில் எழுந்ததும் கை தானாக வளையலைத் தடவுகிறது. அடகு வைத்தால் எவ்வளவு கிடைக்கும்?

நிறுத்துங்கள்!

யாருக்கு இந்த விழா? உங்கள் பிள்ளைக்கா? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்க்கப்போகிற நாத்தனாருக்கா?

பதில் உங்களுக்குத் தெரியும். தெரிந்தே அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்புகிறீர்கள். இதைப் பாசம் என்று சொல்லி ஏமாற்றாதீர்கள். பயம்!

"நாலு பேர் என்ன சொல்வாங்க?"

சொல்லட்டுமே! அந்த நாலு பேரில் ஒருவராவது உங்கள் தவணையைக் கட்ட வருவாரா? குறை சொல்லப் பிறந்தவர்கள் ஏசி ஹாலில் வைத்தாலும் பாயசத்தில் இனிப்புக் குறைவு என்பார்கள்.

"எனக்கு நேரமே இல்லையே!"

பொய்! தீம் தேடி நள்ளிரவு வரை போனைத் தேய்த்தீர்களே, அந்த நேரம் எங்கிருந்து வந்தது?

ஒரு தாளை எடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "யாரெல்லாம் வரணும்?" என்று கேளுங்கள்.

பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவன். கீழ்வீட்டுப் பாப்பா. சைக்கிள் பிடித்துவிட்ட அண்ணன். எத்தனை பேர்? வயதோடு ஒன்றைக் கூட்டினால் ஏழு. ஏழு பேர் தாராளம்!

அந்தப் பட்டியலில் உங்கள் மேனேஜர் பெயர் இருக்கிறதா? தேடிப் பாருங்கள்!

நான்கு மணிக்குக் கூப்பிடுங்கள். ஆறு மணிக்கு முடியும் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருக்கிறதா? இன்று கூச்சப்பட்டால் அன்று ஒன்பது மணிக்கு நின்று தோசை வார்ப்பீர்கள்!

நான்கு மணி என்றால் டிபன் வேளை. பிரியாணி அண்டாவுக்கு வேலையே இல்லை. கேசரியைக் காலையிலேயே கிளறி வைக்கலாம். கடலையை முந்தின இரவு ஊறப்போட்டால் சுண்டல் ஆயிற்று. ஒரு கிலோ கேக் பத்துப் பேருக்குப் போதும். இதற்கா சமையல்காரர்?

"அலங்காரம் இல்லாமல் எப்படி?"

தெர்மாகோல் பேக்டிராப் வேண்டுமா? அலங்காரத் தெர்மாகோலும் பலூனின் பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. பிளாஸ்டிக் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. சட்டமே உங்கள் பக்கம் நிற்கிறது, நீங்கள் ஏன் பின்வாங்குகிறீர்கள்? பாக்குமட்டைத் தட்டை எடுங்கள். எவர்சில்வர் டம்ளரைக் கழுவுங்கள்!

ஒன்றில் மட்டும் பயப்படுங்கள். தெருவில் வாங்கும் கேஸ் பலூனில் ஹைட்ரஜன் இருக்கலாம். மெழுகுவத்தி பக்கம் போனால் பற்றும். ஸ்னோ ஸ்பிரேயைத் தள்ளும் வாயுவும் பல டப்பாக்களில் தீப்பிடிக்கும் ரகம்தான். இரண்டையும் வாசலோடு நிறுத்துங்கள். வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்குங்கள், சின்னப் பிள்ளை வாயில் போட்டால் மூச்சு அடைத்துவிடும். பயத்தை இங்கே செலவழியுங்கள், நாத்தனாரிடம் வேண்டாம்!

"விளையாட்டு நடத்த ஆள் வேணுமே!"

வீட்டில் தாத்தா எதற்கு இருக்கிறார்? நான்கு துண்டுச் சீட்டு கிழித்தால் ராஜா, ராணி, போலீஸ், திருடன். ஒரு கைக்குட்டை இருந்தால் குலை குலையா முந்திரிக்காய். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஒரு நாற்காலி குறைத்துப் பாட்டுப் போடுங்கள். வீடு இரண்டு படும்!

தோற்ற பிள்ளை அழும். அழட்டும்! அடுத்த ஆட்டத்துக்கு அதுதான் முதலில் ஓடிவரும். நீங்கள்தான் ஒரு தோல்வியை ஆறு மாதம் வைத்து அழுகிறீர்கள்.

ரிட்டர்ன் கிஃப்டா? பென்சில் பாக்ஸ் வீட்டில் நாலு கிடக்கிற பிள்ளைக்கு ஐந்தாவது எதற்கு? ஒரு கதைப்புத்தகம் கொடுங்கள். முடியாவிட்டால் கொடுக்காதீர்கள்!

உங்கள் பிறந்தநாளில் எது நினைவிருக்கிறது, சொல்லுங்கள். யூனிஃபார்ம் கடலுக்கு நடுவே நீங்கள் மட்டும் கலர் டிரஸ். கையில் சாக்லேட் டப்பா. கூட வர எந்தச் சிநேகிதனைக் கூப்பிடலாம் என்ற அந்தப் பெரிய அதிகாரம்! ஹெட்மாஸ்டர் அறை வரை போய்வந்த கெத்து! எந்த ஈவெண்ட் ஆள் அதை நடத்தினார்? எவ்வளவு அட்வான்ஸ்?

"எல்லாம் சொதப்பிவிட்டால்?"

சொதப்பும்! கேக் ஒரு பக்கம் சாயும். கரண்ட் போகும். பிறந்தநாள் பிள்ளையே கேக் வெட்ட மாட்டேன் என்று உங்கள் முந்தானைக்குள் ஒளியும்.

அதனால் என்ன? சாய்ந்த கேக்கும் இனிக்கும். கரண்ட் போனால் டார்ச் வெளிச்சத்தில் சுவரில் மான், முயல் காட்டுங்கள். ஒளிந்த பிள்ளை பசித்தால் வெளியே வரும்.

எது தோல்வி தெரியுமா? "சிரி! கேமராவைப் பாரு! இவ்வளவு செலவு பண்ணியிருக்கேன்ல!" என்று அன்றைக்குப் போய் அந்தப் பிள்ளையை அதட்டுகிறீர்களே, அது! செலவு ஏற ஏற உங்கள் குரலும் ஏறும். கவனித்திருக்கிறீர்களா?

இனி மிச்சம் ஒரே வேலை. அதுதான் கடினம். சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டும்.

நமக்குத்தான் இரண்டு பிறந்தநாள் இருக்கிறதே! தேதி பிள்ளைகளுக்கு. நட்சத்திரம் பெரியவர்களுக்கு. கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் பாயசம், பாட்டி கையால் திருநீறு. யாரையும் ஒதுக்கவில்லை, நாளைத்தான் பிரிக்கிறீர்கள்.

நாக்கு எழவில்லையா? இதைச் சொல்லுங்கள்: "அண்ணி, இந்த வருஷம் பர்த்டேக்கு அவனோட கூட்டாளிங்க மட்டும்தான். நட்சத்திரத்தன்னைக்கு நீங்க எல்லாரும் சாப்பிட வந்துடணும்."

அவ்வளவுதான். அண்ணி ஒரு நிமிடம் முகம் சுளிப்பார். போனில் அது தெரியாது!

எடுங்கள் போனை! முதலில் அண்ணி. அடுத்தது, அட்வான்ஸுக்குக் காத்திருக்கும் ஹால்காரர்!