கட்டடம் கொடுத்த கையும் கக்கூஸ் கழுவுகிற கையும்

எங்க அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். மூச்சுத் திணறல். மாவட்ட அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு ரெண்டு பிள்ளைங்க, கட்டிலுக்கு அடியில் ரெண்டு தாய்மாருங்க. மழை பெய்தால் சுவரோரம் ஒழுகும். கட்டிலை இழுத்து இழுத்துப் போடுவோம். மூன்றாம் நாள் ராத்திரி வராண்டாவில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். எம்.ஏ. தமிழ் படித்ததற்கு எங்க தெருவுக்கு நான் செய்கிற வேலை அதுதான். குழந்தைகளுக்குத் தனிக் கட்டடம் வேண்டும் என்று எழுதி, அங்கே கிடந்த தாய்மார்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன்.

நாலு வருசம் கழித்துக் கட்டடம் வந்தது. எங்க மனுவால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். பாதி அரசுப் பணம், பாதி ஒரு பெரிய மனிதரின் நன்கொடை. வாசலில் கறுப்புக் கிரானைட் கல். அதில் தங்க எழுத்தில் அவர் பெயர், அவர் தாயார் பெயர். திறப்பு விழாவில் நானும் மனசாரக் கை தட்டினேன்.

அடுத்த மாதம் இன்னொரு பிள்ளைக்காக அங்கே போனேன். வாசலில் காவலாளி ஒரு தாயை அதட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை தரையில் வாந்தி எடுத்துவிட்டது. "தர்மத்துக்குக் கட்டிக் குடுத்த எடத்த இப்பிடியா நாறடிப்பீங்க?" அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் தரையைத் துடைத்தாள். அந்த 'தர்மத்துக்கு' என்ற சொல்தான் என்னை இதை எழுத வைக்கிறது. நோயாளிக் குழந்தைக்குக் கட்டப்படும் ஒரு கட்டடம் தர்மமா? அதற்காக அந்தத் தாய் குனியத்தான் வேண்டுமா?

கொடை என்பது நம்ம ஊரில் சாதி பார்க்காத சொல் இல்லை, தோழர்களே. பார்ப்பனருக்குக் கொடுத்தால் அது தட்சணை. கொடுத்தவன் வாங்கினவர் காலில் விழுவான். நமக்குக் கொடுத்தால் அது பிச்சை. வாங்கின நாம் கொடுத்தவன் காலில் விழணும். பணம் ஒன்றுதான். வாங்குகிற கை யாருடையது என்பதை வைத்து அதன் பெயர் மாறுகிறது.

இந்தக் கணக்கை நம் முன்னோர் நூறு வருசத்துக்கு முன்பே உடைக்கப் பார்த்தார்கள். 1923இல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சத்திரம் ஆகியவற்றோடு அரசுப் பள்ளியையும் மருந்தகத்தையும் தீண்டப்படாதவர் பயன்படுத்தலாம் என்றது. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927இல் அம்பேத்கர் மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியபோது அவர் யாரிடமும் தர்மம் கேட்கவில்லை. பொதுவானது எனக்கும் உரியது என்றார். மருத்துவமனையும் அந்தக் குளம் மாதிரிதான்.

'நன்கொடை கொடுத்தவர் சொந்தப் பணம்தானே?' என்று கேட்பார்கள். அந்தத் தாய் வாங்குகிற சோப்பிலும் பிஸ்கட்டிலும் வரி இருக்கிறது. அவளுக்கு எந்தக் கல்லிலும் பெயர் இல்லை. நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சட்டம் சலுகை தருகிறது. அதாவது அவர் புண்ணியத்தில் ஒரு பங்கை நாமும் சேர்ந்துதான் கட்டுகிறோம். அந்தக் கட்டடத்துக்கு மண்ணும் கல்லும் சுமந்த சித்தாளுங்க எங்க தெருக்காரிங்க.

தர்மப் பேச்சு இல்லாமல் கட்டடம் வராதா? வரும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் குழந்தைகள் மருத்துவமனைகளுக்காக 2004இல் 75 கோடி டாலர், 2008இல் 98 கோடி, 2018இல் 150 கோடி என்று மூன்று முறை மக்களிடமே ஓட்டுக் கேட்டுக் கடன் பத்திரம் போட்டார்கள். கடனை அடைப்பது மாநிலத்தின் பொதுநிதி. நம்ம எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையின் புறநோயாளர் கட்டடத்துக்கு ஜப்பான் அரசு 2014இல் மானிய ஒப்பந்தம் போட்டது. அதுவும் ஜப்பானில் வரி கட்டுகிற ஜனங்களின் பணம். இங்கெல்லாம் பிள்ளையின் தாய் குனிந்து கும்பிட வேண்டிய முதலாளி யாருமில்லை.

ஆனால் இந்தப் பணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் பொது. கட்டலாம், விரிவாக்கலாம், கருவி வாங்கலாம். கூட்டிப் பெருக்குகிறவருக்குச் சம்பளம் போட முடியாது. கடன் வாங்கி மாதச் சம்பளம் போடக்கூடாது என்பது கணக்குப்படி நியாயம்தான். அப்படியானால் அந்தச் சம்பளத்தை வருசா வருசம் அரசு தன் கணக்கில் ஒதுக்கணும். அதை யார் கேட்கிறோம்?

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோரக்பூர் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் அங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டடம் இருந்தது, வார்டு இருந்தது, குழாய் இருந்தது. ஆக்சிஜன் கொடுத்த கம்பெனிக்குப் பாக்கி. குழாயில் ஆக்சிஜன் நின்றது. சில நாட்களில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. ஆக்சிஜன் இல்லாமல் சாகவில்லை என்றது அரசு. பாக்கி இருந்தது மட்டும் உண்மை. மாதாமாதம் கட்டுகிற பில்லுக்கு யாரும் கல் நாட்டி ரிப்பன் வெட்டுவதில்லை.

நான் வெட்கப்பட்ட இடத்துக்கு வருகிறேன். அந்தப் புதுக் கட்டடத்தில் கக்கூஸ் கழுவுவது எனக்குச் சின்னம்மா முறை. ஒப்பந்தக் கம்பெனி வேலை. சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாது. ஒருநாள் சின்னம்மா என்னைப் பிடித்துக்கொண்டது.

"ஏன்டா, மனு எழுதினது நீதானே? பழைய வார்டுல ஆறு கக்கூசு, நாலு பேரு. இப்ப இருவத்திரண்டு கக்கூசு, அதே நாலு பேரு. கட்டடம் வேணும்னு எழுதின. கழுவ ஆளு வேணும்னு எழுதினியா?"

எழுதவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. கழுவுவதற்கு யாராவது இருப்பார்கள் என்று நானும் நினைத்திருக்கிறேன். அந்த 'யாராவது' எங்க தெருவிலிருந்து வருவது தெரிந்தும் நினைத்திருக்கிறேன். சாதி ஆண்டை வீட்டுத் திண்ணையில் மட்டும் இல்லை. கல்லுக்கு ஒரு கணக்கு, துடைப்பத்துக்குக் கணக்கே கிடையாது என்று நான் எழுதின மனுவிலும் அது உட்கார்ந்திருக்கிறது.

கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒழுகாத கூரைக்குக் கீழே பிள்ளைங்க மூச்சு விடுகிறதை நான் பார்க்கிறேன். அந்த நல்லதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. பெயரும் கல்லில் இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளை வாந்தி எடுக்கக்கூடாத இடத்துக்கு மருத்துவமனை என்று பெயர் இல்லை என்பதுதான் நான் சொல்வது. கழுவுகிறவரின் கூலி கட்டடத்தோடு சேர்ந்தே எழுதப்படாவிட்டால், அந்தக் கட்டடத்தின் மீதிச் செலவைத் தங்கள் உடம்பால் கட்டுகிறவர்கள் சின்னம்மாக்கள்தான்.

இப்போது இன்னொரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு கக்கூசுக்கு எத்தனை பேர், என்ன கூலி, எந்தத் தேதியில் என்று கேட்டிருக்கிறேன். கையுறை, காலணி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கூலியோடு ஒரு நாள் லீவு என்றும் எழுதியிருக்கிறேன். சின்னம்மாவிடம் கொண்டுபோனேன். படிக்கச் சொல்லிக் கேட்டது. கையெழுத்துப் போடவில்லை. "வேல போயிடும்டா" என்றது.

அது போட முடியாத கையெழுத்தை நாம் போடணும் தோழர்களே. மனு என்னிடம்தான் இருக்கிறது.